பத்துப் பேரில் சேராதவர்கள்

கொச்சிக்குச் சுற்றுலா போய் வரும் நம் சங்கத்து அன்பர்கள், மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்தைப் பற்றி வாயாரப் புகழ்வார்கள். 1568-ல் கட்டியது, தரையில் சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள், தலைக்கு மேல் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள், வெளியே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். கைடு சொன்னதைத்தானே நாமும் சொல்ல முடியும்! ஆனால் அந்தக் கட்டடத்தின் மாடியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் பெண்கள் அமர்ந்து வழிபட்ட இடம். இந்தக் கட்டுரை அந்த மாடியைப் பற்றியது.

நான் சமய நூல்களைக் கரைத்துக் குடித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், பாலம், ஜல்லி என்றே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்று, இப்போது கரமனையில் இருக்கிறேன். எர்ணாகுளம் - ஆலப்புழை ரயில் பாதை 1989-ல் திறக்கப்படுவதற்கு முந்திய சில வருஷங்கள் எர்ணாகுளத்தில் குடியிருந்தேன். விடுமுறை நாட்களில் போட் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போவது அப்போது பிடித்துக்கொண்ட பழக்கம். அன்று தொடங்கிய ஆர்வத்தில் இந்த விஷயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்றுமொழி நாட்டில் வாழும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

செப்பேட்டில் மகளுக்கும் இடம்

கேரளத்து யூதர்களின் பெருமைக்குரிய சொத்து, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் ஜோசப் ரப்பான் என்பவருக்கு அளித்த செப்பேடு. 72 உரிமைகள், அஞ்சுவண்ணம் என்னும் வணிகப் பதவி, பல்லக்கு, குடை, வரி விலக்கு எல்லாம் அதில் உண்டு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தப் பழைய மொழியின் பல சொற்கள் நமக்குப் புரியும். தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரிந்து போகாத காலம் அல்லவா? 2017-ல் நமது பிரதமர் இஸ்ரேலுக்குப் போனபோது அங்கத்திய பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தது இந்தச் செப்பேட்டின் நகலைத்தான்.

அதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இந்த உரிமைகள் ரப்பானுடைய ஆண் மக்களுக்கு மட்டும் என்று மன்னன் சொல்லவில்லை. பெண் மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண் எடுத்த மாப்பிள்ளைகளுக்கும் உண்டு என்று சொல்கிறான். மருமக்கள் தாயம் வழங்கிய மண்ணின் பழக்கம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய தஸ்தாவேஜில் மகளுக்கும் ஒரு வரி இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்தில், பழைய ஜெப ஆலயத்தின் முன்பு, எபிரேய எழுத்துப் பொறித்த ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்கிறார்கள். அதில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். இஸ்ரவேலின் மகள் சாரா.

மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய இடங்களில் மொத்தம் எட்டு ஜெப ஆலயங்களைச் சுற்றி வாழ்ந்த இந்தச் சமூகம், 1948-ல் இஸ்ரேல் உருவானபோது ஏறத்தாழ 2,500 பேர் இருந்தது. 1950களில் பெரும்பாலோர் கப்பலேறியும் விமானமேறியும் போய்விட்டார்கள்.

மாடியும் கீழும்

யூத மத சாஸ்திரத்தில் பெண்ணின் நிலை என்ன? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ன நேரத்தில் இன்னது செய்தாக வேண்டும் என்ற கடமைகள் பலவற்றிலிருந்து பெண்ணுக்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பார்க்க வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், ஆகவே நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஜெபங்கள் அவள்மேல் சுமத்தப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடமை இல்லாதவர் அந்தக் கடமையைச் செய்வோரின் எண்ணிக்கையில் வரமாட்டார் என்று அடுத்த படி வைத்தார்கள். அங்கேதான் கதவு சாத்தப்பட்டது.

முழு முறைப்படியான கூட்டு வழிபாட்டுக்குப் பத்து வயதுவந்த ஆண்கள் வேண்டும். இதை மின்யான் என்பார்கள். நம் பாஷையில் சொன்னால் கோரம். ஒன்பது ஆண்களும் ஐம்பது பெண்களும் கூடியிருந்தாலும் கோரம் இல்லை. பதின்மூன்று வயது நிரம்பிய பையன் ஒருவன் வந்து சேர்ந்தால் உண்டு. அவனுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த பாட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் அவள் கணக்கில் இல்லை.

கேரளத்து ஜெப ஆலயங்களில் மற்ற இடங்களில் இல்லாத ஓர் அமைப்பு உண்டு. கீழே கூடத்தின் நடுவில் இருக்கும் வாசிப்பு மேடையைத் தவிர, மாடி முகப்பிலும் இரண்டாவதாக ஒரு மேடை இருக்கும். ஓய்வுநாட்களிலும் பண்டிகை நாட்களிலும் வேதச் சுருள்களை அங்கே கொண்டுபோய் வாசிப்பார்கள். அதற்குப் பின்னால், மரத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் இருக்கும் இடம். ஆக, எட்டத்தில் ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு முக்கியமான நாட்களில் வேதம் மிக அருகில் வந்துவிடும். சிம்ஹத் தோரா என்னும் பண்டிகையில் பெண்கள் கீழே இறங்கி வந்து சுருள்களை முத்தமிடும் வழக்கமும் கொச்சியில் இருந்தது.

பெண்ணின் பாட்டுக் குரலை ஆண்கள் கேட்கலாகாது என்று ஆசாரமான யூத சமூகங்கள் பலவற்றில் கட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் அது எடுபடவில்லை. இங்கே பெண்கள் எபிரேயம் படிக்கக் கற்றார்கள், வீட்டிலும் ஜெப ஆலயத்திலும் வாய்விட்டுப் பாடினார்கள். ஒரே சாஸ்திரம்தான். ஊருக்கு ஊர் அதை எப்படி வளைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. இது நமக்கும் பொருந்தும்.

அடுக்களையில் நடந்த மதம்

ஜெப ஆலயத்தில் கணக்கில் வராதவள் வீட்டில் மதத்துக்கே எஜமானி. வெள்ளி மாலை விளக்கேற்றுவது அவள். மாமிசமும் பாலும் ஒன்றுசேரக் கூடாது, பாத்திரங்கள்கூட வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற விதியை நாள் தவறாமல் காப்பது அவள். கறிக்குழம்பில் பாலோ தயிரோ சேர்க்க முடியாத குறையைக் கொச்சிப் பெண்கள் தேங்காய்ப்பாலால் தீர்த்துக்கொண்டார்கள். சாஸ்திரமும் கெடவில்லை, ருசியும் கெடவில்லை!

பாஸ்கா பண்டிகைக்கு வீட்டில் புளித்த மாவின் துணுக்குகூட இருக்கக்கூடாது. அதற்காகக் கொச்சியில் மாதக்கணக்கில் முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளையடித்தல், தனிப் பாத்திரங்களை இறக்கிக் கழுவுதல், அரிசியை மணிமணியாகப் பொறுக்குதல் என்று பெண்களின் முதுகு ஒடிந்துவிடும். இதைப் படித்தபோது எனக்குக் கரமனை அக்ரகாரத்துப் பாட்டிமார்கள் நினைவுக்கு வந்தார்கள். மடி, விழுப்பு, பத்து, எச்சில் என்று எத்தனை வகை! ச்ராத்த தினத்தில் விடியற்காலை ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டியவள் பாட்டி. மந்திரம் சொன்னவர், தட்சிணை வாங்கியவர், சங்கல்பத்தில் பெயர் சொல்லப்பட்டவர் எல்லாரும் ஆண்கள். ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒற்றுமையைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆசாரத்தைப் பார்த்துத்தான் ஒருவேளை இந்தக் கண்டிப்பு கொச்சி யூதர்களிடம் வளர்ந்தது என்பது அவர்கள் கருத்து. உழைப்பு பெண்ணுக்கு, உரிமை ஆணுக்கு என்ற பங்கீடும் இரு வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் இருந்த பாட்டுகள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜெபம் எபிரேயத்தில். அது ஆண்கள் நடத்துவது. ஆனால் கல்யாணத்திலும், பிள்ளை பிறந்த வீட்டிலும், பண்டிகையிலும் பாடப்பட்டவை மலையாளப் பாட்டுகள். அவற்றைப் பாடியவர்கள் பெண்கள். வட்டமாக நின்று கைதட்டி, நம் கும்மி போல அடியெடுத்து வைத்துப் பாடுவார்களாம். யோசேப்பின் கதை, ஜெப ஆலயம் கட்டிய கதை, கிளிப்பாட்டு, மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு என்று பல வகை. தமிழோடு உறவுள்ள பழைய சொல் வடிவங்கள் அவற்றில் தங்கியிருக்கின்றன என்கிறார்கள் மொழி அறிஞர்கள்.

அச்சுப் புத்தகம் கிடையாது. தாய் எழுதியதைப் பார்த்து மகள் எழுதுவாள். அதைப் பார்த்துப் பேத்தி எழுதுவாள். இப்படிக் கையெழுத்து நோட்டுகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் தலைமுறை கடந்து வந்தன. இஸ்ரேலுக்குப் போன பெண்கள் கொண்டு சென்ற மூட்டைகளில் இந்த நோட்டுகளும் இருந்தன.

அங்கே போனபின் நடந்ததுதான் பரிதாபம். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற குடியேற்றக் கிராமங்களில் பிள்ளைகள் எபிரேயம் படித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு மலையாள எழுத்தே தெரியவில்லை. பாட்டியின் நோட்டு வீட்டிலேயே இருக்கிறது, படிக்க ஆள் இல்லை. அலமாரியில் கிடந்து மக்கியவை எத்தனையோ!

நல்லகாலமாக 1970களிலிருந்து பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளரும், கேரளத்தில் பி.எம். ஜூஸ்ஸே என்பவரும் இப்பாட்டுகளைத் தேடித் திரட்டத் தொடங்கினார்கள். பின்னர் ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த பாட்டுத் தொகுதி மலையாளத்திலும் எபிரேய மொழிபெயர்ப்பிலுமாக 2005-ல் ஜெருசலேமில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஒலித்தட்டும் வெளியிட்டார்கள். பாட்டிமார்கள் மறுபடி கூடிப் பாடினார்கள். எண்ணிக்கையில் வராத பெண்கள் வைத்திருந்த நோட்டுகள்தான் இன்று அந்தச் சமூகத்தின் சரித்திர ஆதாரங்கள்.

கரமனைக்காரர்களான நாம் நீலகண்ட சிவனைப் பற்றிப் பெருமைப்படுகிறோம். பாபநாசம் சிவன் அவருடைய பஜனையில் ஊறித்தான் வளர்ந்தார். சிவன்மார்களின் பாட்டில் முத்திரை உண்டு, மேடையில் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள். அதே தெருக்களில் நலங்குப் பாட்டும், ஊஞ்சல் பாட்டும், ஆரத்திப் பாட்டும் கட்டிய பெண்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? என் தாயாரிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. 40 பக்க நோட்டு, பென்சில் எழுத்து, இடையிடையே எங்கள் திருவனந்தபுரத்துத் தமிழுக்கே உரிய மலையாளச் சொற்கள். இப்போது என் வசம் இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் என் பேத்திக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்க வராது.

ரூபி டேனியலும் ஒரு மாடியின் வெளிநடப்பும்

பாட்டோடு நிற்காமல் புத்தகமே எழுதிய ஒரு கொச்சிப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூபி டேனியல் 1912-ல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். நீதிமன்றங்களில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். கடற்படையில் சேர்ந்த முதல் மலையாளப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். 1951-ல் இஸ்ரேலுக்குப் போய் ஒரு கூட்டுப்பண்ணையில் வாழ்ந்தார். பார்பரா ஜான்சனின் உதவியோடு 1995-ல் தம் வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ரூபியின் குடும்பத்துக்கு இன்னொரு பாரமும் இருந்தது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் அடிமை வழியில் வந்தவர்கள் என்று சிலரைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆண்களானாலும் அவர்களுக்கு உள்ளே பெஞ்சில் இடம் கிடையாது, வேதம் வாசிக்கும் உரிமை கிடையாது. இதை எதிர்த்துக் காந்தி வழியில் போராடியவர் வக்கீல் ஏ.பி. சேலம். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, பெயர் ஒற்றுமைதான். யூத காந்தி என்றே அவரை அழைத்தார்கள். மெல்ல மெல்லக் கதவு திறந்தது.

1950-ல் அவருடைய மகன் பால்ஃபர், வெள்ளை யூதர் எனப்பட்ட பிரிவைச் சேர்ந்த பெண்ணைக் காதலித்து மணந்தார். கொச்சியில் அதற்குச் சம்மதம் இல்லாததால் பம்பாயில் கல்யாணம். தம்பதிகள் ஊர் திரும்பி ஜெப ஆலயத்துக்கு வந்த அன்று, மாடியிலிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வெளியேறினார்களாம்!

இந்தச் சம்பவத்தை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். பெண்களை எல்லாம் தியாகச் சுடர்களாகவே வர்ணித்துவிட்டால் அவர்களுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். தமக்குத் தடுப்பு போட்டவர்களை எதிர்க்காத அதே மாடி, இன்னொருத்தி தடுப்பைத் தாண்டியபோது எதிர்த்தது. நம் வீடுகளிலும் மருமகளுக்கு விதி சொல்வது பெரும்பாலும் மாமனார் அல்லர், மாமியார்தானே?

சொத்தும் விவாகரத்தும்

பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற வழக்கு உலகில் முதலில் எங்கே எழுந்தது என்று தெரியாது. ஆனால் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று யூதர்களின் வேதத்தில் இருக்கிறது. செலொப்பியாத் என்பவர் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற அவருடைய ஐந்து பெண்களும் மோசேயின் முன்னால், சபை முழுதும் பார்க்க நின்று, தகப்பனுடைய பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டது நியாயம் என்று தெய்வத்தின் தீர்ப்பு வருகிறது. ஆனால் சில அத்தியாயங்கள் கழித்துக் குலத்துப் பெரியவர்கள் வந்து முறையிட, அந்தப் பெண்கள் சொந்தக் குலத்திலேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சேர்கிறது. கொடுத்த கையாலேயே கொஞ்சம் பிடித்துக்கொண்ட கதை!

நமது சரித்திரமும் அப்படியே. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005. நாம் வாழும் திருவிதாங்கூர் மண்ணிலே, 1916-ம் வருஷத்துச் சட்டப்படி கிறிஸ்தவப் பெண்ணுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். கோட்டயத்து மேரி ராய் வழக்காடி 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் அதை மாற்றினார்.

யூதக் கல்யாணத்தில் கெத்துபா என்று ஒரு பத்திரம் உண்டு. கணவன் இறந்தாலோ விலக்கினாலோ மனைவிக்கு இவ்வளவு தருவேன் என்று எழுதிக் கையெழுத்திடும் கடமைப் பத்திரம் அது. கொச்சியில் தாலியும் உண்டு, கெத்துபாவும் உண்டு. விதவை மறுமணத்துக்கும் அவர்களிடம் தடை இல்லை. எங்கள் அக்ரகாரங்களில் பத்து வயதில் கணவனை இழந்து, தலை மழித்து, நார்மடியோடு மூலையில் காலம் கழித்த பாட்டிமார்களை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அந்தக் கணக்கில் யூதப் பெண்ணின் நிலை மேலானதுதான்.

ஆனால் விவாகரத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தைக் கணவன்தான் தன் கையால் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்க மறுத்தாலோ, காணாமல் போனாலோ, அவள் வேறு மணம் செய்ய முடியாது. இவளை அகுனா, அதாவது கட்டுண்டவள், என்பார்கள். நம் ஊரில் வாழாவெட்டி என்று ஒரு கொடிய சொல் இருந்ததே, ஏறத்தாழ அதே நிலை. ஜெர்மனியில் கெர்ஷோம் என்ற பெரிய ரப்பி, பலதார மணமும் கூடாது, மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்கவும் கூடாது என்று விதித்தார். நம் கொச்சிச் செப்பேடு எழுதப்பட்டதும் ஏறக்குறைய அதே காலம்தான். அப்படியும் பத்திரம் கொடுக்கும் கை கணவனுடையதாகவே இருந்தது.

இந்தியாவில் யூதர்களுக்கென்று தனியாகத் திருமணச் சட்டம் இயற்றப்படவில்லை. அவர்களுடைய மரபையே நீதிமன்றங்கள் பின்பற்றி வந்தன. 1920களில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு யூதப் பெண்ணின் விவாகரத்து மனுவை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இஸ்ரேலிலோ 1951-ல் பெண்கள் சம உரிமைச் சட்டம் வந்தும், யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் 1953-ம் வருஷச் சட்டப்படி ரப்பிகளின் நீதிமன்றத்துக்கே விடப்பட்டன. பத்திரம் கொடுக்க மறுக்கும் கணவனின் பாஸ்போர்ட்டையும் டிரைவிங் லைசென்சையும் முடக்கலாம், சிறையிலும் போடலாம் என்று 1995-ல் ஒரு சட்டம் செய்தார்கள். கோல்டா மேயர் என்ற பெண்மணி 1969 முதல் 1974 வரை பிரதமராக இருந்த நாட்டில்தான் இத்தனையும்.

கணக்கு மாறிய இடங்கள்

உலகின் மற்ற பகுதிகளில் யூதப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1922-ல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, பையன்களைப் போலவே சபை முன் நின்று வேதப்பகுதி வாசித்தாள். 1935-ல் பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸ் முதல் பெண் ரப்பியாகப் பட்டம் பெற்றார். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி அரை நூற்றாண்டுக் காலம் ஏறத்தாழ யாரும் பேசவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு 1991-ல்தான் அவருடைய காகிதங்கள் ஓர் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. 1972-ல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரப்பி ஆனார். 1973-ல் அமெரிக்காவின் மிதவாதப் பிரிவினர், பத்துப் பேர் கணக்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆசாரப் பிரிவினர் இன்றும் ஏற்கவில்லை.

நம் பக்கமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அர்ச்சகர் பயிற்சி பெற்ற மூன்று பெண்கள் 2023-ல் சான்றிதழ் வாங்கினார்கள்.

பத்தாவது ஆள்

மட்டாஞ்சேரியில் கணக்கு மாறவில்லை. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசிக் காலத்தில் பத்து ஆண்கள் கூடுவதே அபூர்வம். ஊர் பார்க்க வரும் யூதப் பயணிகளை எதிர்பார்த்து நிற்கும்படி ஆயிற்று. எங்கிருந்தோ வந்த பயணி பத்தாவது ஆளாக நிற்கலாம். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்து, ஜெபங்களை அறிந்த பெண்மணி நிற்கக்கூடாது.

இத்தனைக்கும் கடைசியில் அந்தத் தெருவைத் தாங்கியவர்கள் பெண்கள்தாம். சாரா கோஹன் என்ற மூதாட்டி யூதத் தெருவில் பூவேலைத் துணிக்கடை வைத்திருந்தார். ஆண்கள் ஜெபத்துக்கு அணியும் குல்லாய்களும் அவர் கடையில் தைக்கப்பட்டவை. 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். குவீனி ஹலேகுவா 2012 முதல் 2018 வரை ஜெப ஆலயத்தின் நிர்வாக அறங்காவலராகவே இருந்தார். சாவி அவர் கையில், கணக்குப் புத்தகம் அவர் கையில், பொறுப்பு அவர் தலையில். ஆனால் பத்தில் ஒருவராக அவர் எண்ணப்படவில்லை. 2024 ஆகஸ்டில் அவரும் மறைந்தார்.

ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் ஃபிஷ் பிளேட் என்று ஒரு சின்ன இரும்புத் தகடு உண்டு. பயணிகள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் கீமேன் தினமும் நடந்து போய்ப் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். தளர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு சமூகத்தில் அந்த இடத்தில் இருப்பவர்களை நாம் என்றைக்காவது தட்டிப் பார்க்கிறோமா?

நாம் என்ன செய்யப் போகிறோம்?

யூதர்களைப் பற்றி எழுதிவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லி முடிப்பது சுலபம். நான் பல வருஷம் அங்கத்தினனாக இருந்த ஒரு சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே குடும்பச் சந்தா, குடும்பத்துக்கு ஓர் ஓட்டு, அந்த ஓட்டு குடும்பத் தலைவருக்கு. ஒரு வருஷம் பொதுக்குழு கூடியபோது கோரம் இல்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைத்தார்கள். அந்த அரை மணி நேரமும் பின்கட்டில் இருபது பெண்மணிகள் எல்லாருக்கும் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும், பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் பழக்கியவர்களும் அவர்களே. ஆள் இல்லை என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது எனக்கு மட்டாஞ்சேரி மாடி ஞாபகம் வந்தது.

யூதர்களுக்குத் தடையாக இருந்தது வேதமும் ஆயிரம் வருஷத்து வியாக்கியானமும். நமக்குத் தடையாக இருப்பது ஒரு சங்கத்தின் விதிப்புத்தகம். மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் மாற்றிவிடலாம்! ஆகவே வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான்.

ஒன்று: உங்கள் ஊர்ச் சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் ஓட்டு என்ற விதி இருந்தால், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு என்று திருத்தத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டத்தன்று உப்புமாவை ஆண்கள் கிளறலாம். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.

இரண்டு: வீட்டில் பாட்டியோ அம்மாவோ எழுதிய பாட்டு நோட்டு இருந்தால் இந்த விடுமுறைக்குள் வெளியே எடுங்கள். அதைப் பாடத் தெரிந்தவர் இருந்தால் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். எந்தச் சடங்கில் பாடியது, யாரிடம் கற்றது என்று கேட்டு, பாடியவர் பெயரோடு எழுதி வையுங்கள். கொச்சிப் பெண்களின் பாட்டு பிழைத்தது, படிக்கத் தெரிந்த கடைசிப் பாட்டிமார்கள் இருக்கும்போதே யாரோ போய்க் கேட்டதனால்தான். நம் வீட்டுக்கு வேற்று நாட்டு ஆராய்ச்சியாளர் யாரும் வரப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாமே.